வடகடலில் திமிங்கலமும் பஃபினும்: ஐஸ்லாந்தின் ஹூசவீக் படகுப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

திமிங்கலம் பார்க்கப் படகேறுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தலையை நிமிர்த்திப் பறவைகளைக் கவனிக்கிறவர்கள்தான் திமிங்கலத்தை முதலில் கண்டுபிடிப்பார்கள். கடலுக்கு அடியில் மீன் கூட்டம் எங்கே மேலெழுந்து வருகிறது என்று பறவைக்குத் தெரியும். திமிங்கலமும் அந்த மீனைத் தேடித்தான் வருகிறது. வழிகாட்டியும் மாலுமியும் நாள் முழுக்கப் பார்ப்பது இதைத்தான். அதனால், "திமிங்கலம் பார்க்கப் போனோம், வழியில் கொஞ்சம் பறவையும் பார்த்தோம்" என்று இரண்டையும் பிரித்து வைக்காதீர்கள். இந்த வழிகாட்டியும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

வடகடல் என்றால் நார்வே, கனடா, ஸ்காட்லாந்து என்று பல இடம் உண்டு. நான் எடுத்துக்கொண்டது வட ஐஸ்லாந்தின் ஹூசவீக். ஒரே பயணத்தில் ஹம்ப்பேக் திமிங்கலத்தையும் ஒரு தீவு நிறையப் பஃபின் என்ற குட்டிக் கடற்பறவைகளையும் பார்க்க இதைவிட வசதியான ஊர் அரிது.

ஏன் ஹூசவீக்

சுமார் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சின்ன மீனவ ஊர் இது. ஸ்க்யால்ஃபாந்தி வளைகுடாவின் கிழக்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 1907-இல் கட்டிய மரத் தேவாலயம், அதன் எதிரே துறைமுகம், வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் கோடையிலும் பனி தங்கியிருக்கும் மலைத்தொடர், அவ்வளவுதான் ஊர். 1995-இல் இங்கிருந்து முறையான திமிங்கலப் பயணங்கள் தொடங்கின. கைவிடப்படவிருந்த பழைய ஓக் மர மீன்பிடிப் படகுகளைப் பழுதுபார்த்து அதற்குப் பயன்படுத்தினார்கள். அந்தப் படகுகள் இன்றும் ஓடுகின்றன.

திமிங்கலம் இந்த வளைகுடாவுக்கு வருவதற்குக் காரணம் சாப்பாடு. ஆறுகள் இரண்டு பனி உருகிய நீரையும் சத்துகளையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. வடக்கின் குளிர் நீரும் அட்லாண்டிக்கின் இளஞ்சூட்டு நீரும் இந்தக் கரையோரத்தில் கலக்கின்றன. கோடையில் வெளிச்சம் ஏறக்குறைய அணைவதே இல்லை. இவை எல்லாம் சேர்ந்து நுண்ணுயிர்ப் பாசி பெருகுகிறது. அதைத் தின்று கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர் பெருகுகிறது. கிரிலைத் தின்னக் கேப்லின் போன்ற சிறு மீன்கள் வருகின்றன. கரீபியன் கடலில் குட்டி போட்டுவிட்டு ஹம்ப்பேக்குகள் அத்தனை தூரம் நீந்தி வருவது இந்த விருந்துக்குத்தான். அங்கே மாதக்கணக்கில் ஏறக்குறையப் பட்டினி கிடந்து, இங்கே வந்து கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன.

தலைநகர் ரெய்க்யவீக்கிலிருந்தும் பயணங்கள் உண்டு. ஊர் சுற்ற இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அதுவே போதும். பஃபின் தீவுகளும் அங்கே பக்கத்தில் இருக்கின்றன. கொலைத் திமிங்கலம் எனப்படும் ஓர்க்காவும் ஸ்பெர்ம் திமிங்கலமும்தான் வேண்டும் என்றால் மேற்கே ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் ஓலாஃப்ஸ்வீக் பக்கம் போக வேண்டும். ஹம்ப்பேக், பஃபின், அதிர்ஷ்டம் இருந்தால் நீலத் திமிங்கலம் என்றால் ஹூசவீக்தான்.

எந்த மாதம்

இதை முதலில் முடிவு செய்யுங்கள். டிக்கெட், விடுதி எல்லாம் அதற்கு அப்புறம். பஃபின் ஏப்ரல் நடுவில் தீவுக்கு வந்து ஆகஸ்டு நடுவில் கிளம்பிவிடும். ஆகஸ்டு 10-க்கு மேல் போய்விட்டுப் பஃபின் இல்லையே என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர். நீலத் திமிங்கலம் வந்தால், பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரைதான் வரும். ஹம்ப்பேக் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆக, ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை முதல் வாரத்துக்குள் போங்கள் என்பது என் யோசனை. மூன்றும் ஒன்றுசேரும் காலம் அது. மாலை எட்டு மணிக்குப் புறப்படும் பயணத்தில் கூடப் பகல் வெளிச்சம் இருக்கும். சூரியன் தாழ்வாக நின்று பொன்னிறமாகப் படும்போது திமிங்கலத்தின் மூச்சு நீர்த்திவலை தூரத்திலிருந்தே மின்னும். செப்டம்பரில் கூட்டம் குறைவு. ஹம்ப்பேக் நன்றாகத் தெரியும். இரவில் வானம் தெளிவாக இருந்தால் துருவ ஒளியும் கிடைக்கலாம். ஆனால் பஃபின் கிடையாது, கடலும் முரண்டு பிடிக்கும்.

போய்ச் சேர்வது

ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கோடையில் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரிய பாடு. ஜூனில் போக வேண்டும் என்றால் குளிர்காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கெஃப்ளவீக் விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து ரெய்க்யவீக், பின்பு வடக்கே அக்குரேரி நகரம், அதைத் தாண்டி ஹூசவீக். ரெய்க்யவீக்கின் உள்நாட்டு விமான நிலையத்திலிருந்து அக்குரேரிக்கு முக்கால் மணி நேரப் பறப்பு. காரில் என்றால் ரெய்க்யவீக்கிலிருந்து ஹூசவீக் 480 கிலோமீட்டர் சொச்சம். வழியில் நிறுத்தாமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம் ஆகும். அக்குரேரியிலிருந்து கிழக்கே போகும்போது 7.4 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை ஒன்று வரும். அதில் சுங்கச்சாவடி இருக்காது. கட்டணத்தை இணையத்தில் நாமே கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வாடகைக் கார் நிறுவனம் கூடுதல் தொகையோடு பில் அனுப்பும். சுரங்கம் தாண்டி ஹூசவீக்குக்குத் திரும்பும் இடத்தில் கொஞ்சம் விலகிப் போனால் கோதாஃபோஸ் அருவி. அதைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ஹூசவீக்கில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். வளைகுடாவின் வாய் வடக்கு நோக்கித் திறந்திருக்கிறது. வடகாற்று அடித்தால் அலை நேரே உள்ளே வரும், பயணத்தை ரத்து செய்துவிடுவார்கள். ஒரே நாள் வைத்துக்கொண்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். முதல் நாளுக்கு முன்பதிவு செய்யுங்கள், இரண்டாம் நாளைக் கையிருப்பாக வைத்திருங்கள். திமிங்கலமே தென்படவில்லை என்றால் பல நிறுவனங்கள் இன்னொரு பயணத்தை இலவசமாகத் தரும். அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் இரண்டாம் நாள் வேண்டும்.

வானிலை பார்க்க ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தையே நம்புங்கள். அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள். 5-க்குக் கீழே இருந்தால் அருமையான நாள். 10 என்றால் மணிக்கு 36 கிலோமீட்டர். கடலெங்கும் வெள்ளை நுரை எழும்பி, தூரத்து மூச்சுத்திவலையை அதிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது.

எந்தப் படகு

இரண்டே வகை. ஒன்று மரப்படகு: மெதுவாகப் போகும், பயணம் மூன்று மணி நேரம், நடமாட இடம் இருக்கும், கழிப்பறை இருக்கும், உயரத்தில் நின்று பார்க்கலாம். இன்னொன்று காற்றடைத்த ரப்பர் ஓரம் கொண்ட வேகப்படகு: பத்துப் பன்னிரண்டு பேர்தான், விரைவாகப் போய்ச் சேரும், நீர்மட்டத்தில் உட்கார்ந்து பார்ப்பதால் திமிங்கலம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் அதில் ஏறக் கூடாது. விலையும் கூடுதல்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் பரிந்துரை மரப்படகு. தாத்தா பாட்டி, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேறு கேள்வியே இல்லை. பறவை பார்க்கவும் மரப்படகுதான் நல்லது. வேகப்படகில் தொலைநோக்கியைக் கண்ணில் நிலையாக வைக்கவே முடியாது. ஒன்றைக் கவனியுங்கள்: எல்லாப் பயணமும் பஃபின் தீவுக்குப் போகாது. முன்பதிவு செய்யும்போது "பஃபின்" என்று பயணத்தின் பெயரிலோ விவரத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள்.

உடை, மாத்திரை, தொலைநோக்கி

ஜூலையிலும் கரையில் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். படகு ஓடும்போது காற்றில் அது இன்னும் பல டிகிரி குறைவாகத் தோன்றும். உடலை ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி, அதன் மேல் காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்கு. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்திச் சட்டையும் அப்படித்தான். காதை மூடும் குல்லா, கையுறை, தடித்த காலுறை கட்டாயம். படகிலேயே தலை முதல் கால் வரை மூடும் தடித்த மிதவை உடை தருவார்கள். அதைப் பார்த்துவிட்டு "இது போதுமே" என்று உள்ளே மெல்லிசாக உடுத்திக்கொண்டு போகாதீர்கள். மூன்றாம் மணி நேரத்தில் வெறுமனே நிற்கும்போதுதான் குளிர் எலும்புக்குள் இறங்கும்.

வாந்தி, தலைச்சுற்றலுக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் படகேறும் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பயன் குறைவு. நம்மூர் மருந்துக்கடையில் பயணத்துக்கென்று வாங்கும் அவோமின், ஸ்டுஜெரான் போன்றவற்றை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடுவார்கள். தூக்கம் வரும் என்பதாலும், மற்ற மருந்துகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதாலும் ஊரில் உள்ள உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அன்றைக்குக் கார் ஓட்டும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுங்கள். வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் தின்னாதீர்கள். இஞ்சி மரப்பா பைக்குள் இருக்கட்டும். தலை சுற்ற ஆரம்பித்தால் படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தின் திறந்த பகுதியில் நின்று அடிவானத்தைப் பாருங்கள். அறைக்குள் போய் உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். கைப்பேசித் திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

தொலைநோக்கி 8x42 அல்லது 7x50 எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்குக்கு மேல் போனால் படகின் ஆட்டமும் பத்து மடங்காகும். ஆளுக்கு ஒன்று இருப்பது நல்லது. கடலில் எல்லாம் மூன்று நொடி விவகாரம், "இங்கே கொடு, நான் பார்க்கிறேன்" என்பதற்குள் முடிந்துவிடும்.

படகேறும் முன்பு அருங்காட்சியகம்

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே 1997-இல் தொடங்கிய திமிங்கல அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இறைச்சிக்கூடக் கட்டடத்தில் இயங்குகிறது. பெரும்பாலானவர்கள் பயணம் முடிந்து போவார்கள். முன்பே போவதுதான் சரி. 2010-இல் கரையொதுங்கிய நீலத் திமிங்கலத்தின் 25 மீட்டர் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. கடலில் திமிங்கலத்தின் முழு உடம்பைப் பெரும்பாலும் ஒருசேரப் பார்க்க மாட்டீர்கள்; முதுகில் ஒரு துண்டு, வாலில் ஒரு துண்டு என்றுதான் தெரியும். அந்த எலும்புக்கூட்டின் அருகே தலையிலிருந்து வால் வரை ஒருமுறை நடந்துவிட்டுப் போனால், தெரியும் துண்டுக்குக் கீழே எவ்வளவு உடம்பு இருக்கிறது என்று மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

துறைமுகத்திலிருந்தே தொடங்குங்கள்

படகு கயிற்றை அவிழ்க்கும் முன்பே கண்ணைப் பழக்குங்கள். துறைமுகச் சுவரோரம் மிதக்கும் பருத்த வாத்துகள் ஈடர். இவற்றின் மெல்லிறகைத்தான் கூட்டிலிருந்து சேகரித்து விலையுயர்ந்த மெத்தைகளுக்கு நிரப்புகிறார்கள். உடம்பெல்லாம் கறுத்து, இறக்கையில் மட்டும் வெள்ளைத் திட்டு, கால் செக்கச்சிவப்பு என்றால் அது கறுப்பு கில்லெமாட். ஒல்லியாக, வால் பிளந்து, கறுப்புத் தொப்பியோடு காற்றில் துள்ளுவது ஆர்க்டிக் ஆலா. இங்கே கோடையை முடித்துவிட்டு அண்டார்க்டிகாவுக்குப் போய் அங்கும் கோடையைப் பிடிக்கும் பறவை. கரையில் அதன் கூட்டுப்பக்கம் நடந்தால் தலையைக் கொத்தும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டால் குச்சியின் நுனியைத்தான் தாக்கும்.

துறைமுகத்தைத் தாண்டியதும், இறக்கையை விறைப்பாக விரித்து, அசைக்காமலே அலையோரம் வழுக்கிக்கொண்டு வருவது ஃபுல்மார். கடற்காகம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அலகின் மேல் குழாய் வடிவ மூக்கு இருக்கும். உடலில் சேரும் உப்பு அதன் வழியேதான் வெளியேறும். படகோடு கூடவே கண்ணுக்கு நேராகப் பறந்து வரும். கொஞ்ச நேரம் அதையே கவனித்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது பிடிபடும். காற்றுக்கு எதிர்ப்பக்கம் முகத்தை வைத்தால் தொலைநோக்கிக் கண்ணாடியில் உப்புநீர் படியும். அந்தப் பக்கத்தைத் தவிர்க்கலாம்.

கடலைப் படிப்பது

இதுதான் பயணத்தின் உயிர்.

வழிகாட்டி கடிகாரக் கணக்கில் கூவுவார். படகின் அணியம், அதாவது முன்முனை, 12 மணி. நேர் வலப்பக்கம் 3, பின்முனை 6, நேர் இடப்பக்கம் 9. "2 மணியில்" என்றால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அணியத்துக்கு வலப்புறம், நேர் வலப்பக்கத்துக்குச் சற்று முன்னால். இது தெரியாமல் கூட்டம் ஓடும் திசையில் ஓடினால் எப்போதும் ஒரு நொடி தாமதம்தான்.

தேட ஆரம்பிக்கும்போது தொலைநோக்கியை எடுக்காதீர்கள். வெறுங்கண்ணால் அடிவானத்திலிருந்து படகுவரை மெல்ல நெடுகப் பாருங்கள். முதலில் தேட வேண்டியது ஒரே இடத்தில் குவியும் பறவைகளை. கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் ஒன்றிரண்டு நேர்கோட்டில் போனால் அவை எங்கோ பயணம் போகின்றன. முப்பது நாற்பது பறவைகள் ஒரு புள்ளிக்கு மேல் சுற்றிச் சுற்றி, கத்திக்கொண்டு, தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே மீன் மேலே வந்திருக்கிறது. அந்தக் கூட்டம் திடீரென்று ஒருசேர எழும்பினால், கேமராவைத் தூக்குங்கள். கீழிருந்து பெரிதாக ஏதோ வருவதை அவை பார்த்துவிட்டன. அடுத்த ஓரிரு நொடிகளில் ஹம்ப்பேக்கின் திறந்த வாய் அங்கே மேலெழலாம்.

அடுத்தது மூச்சு. அடர்ந்த மலையின் நிழல் பின்னால் இருந்தால் வெள்ளைத்திவலை நன்றாகத் தெரியும். சாம்பல் வானம் பின்னணி என்றால் கரைந்துவிடும். அதனால் மேற்கே கின்னார் மலைகளின் பக்கம் கூடுதல் நேரம் பாருங்கள். திவலை தெரிந்ததும் அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஹம்ப்பேக் ஒரு மூச்சோடு நிறுத்தாது. சிறு இடைவெளிகளில் நாலைந்து முறை மூச்சு விட்டுவிட்டுத்தான் ஆழத்துக்குப் போகும்.

படகருகே அது மூச்சு விடுவதைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டும். முதலில் வருவது ஓசை. பிரஷர் குக்கர் ஆவியை ஒரேயடியாகத் திறந்துவிட்டதைப் போல. அப்புறம் ஈரம் முகத்தில் படியும். அதோடு அழுகிய மீன் வாடை. உச்சந்தலையில் இரண்டு நாசித்துளைகள் பக்கத்துப் பக்கத்தில் பிளந்து திறந்து, உள்ளிழுத்து, தசை இறுகி மூடிக்கொள்வதைத் தெளிவாகப் பார்க்கலாம். பின் முதுகு வரும், வந்துகொண்டே இருக்கும், சின்னத் துடுப்பு ஒன்று கடந்து போகும். கடைசி மூச்சில் மட்டும் முதுகு கூன்போட்டு உயரும். அதைக் கண்டால் அடுத்தது வால். நீர் வாலின் ஓரம் முழுக்கத் திரை கட்டி வழிய, அடிப்பக்கத்து வெள்ளை கறுப்புத் திட்டுகள் ஒரு நொடி காட்டிவிட்டு நேராகக் கீழே இறங்கும்.

இறங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் ஒன்று நீரில் தங்கும். வால் அடித்த அடியில் மேலெழும் நீர் அது. அந்த வட்டங்கள் வரிசையாக இருந்தால் திமிங்கலம் எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். இப்போது கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடம் கீழே இருக்கும். முதல் முறை எத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டால், அடுத்த முறையும் ஏறக்குறைய அதுதான். அந்த நேரத்தில்தான் பலர் அலுத்துப்போய் உள்ளே கோக்கோ குடிக்கப் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். பறவைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பாருங்கள்.

எது எது என்று அடையாளம் காண்பது

வால் தூக்கினால் பெரும்பாலும் ஹம்ப்பேக். 12 முதல் 16 மீட்டர் நீளம்; பக்கத்துடுப்பு மட்டுமே உடம்பில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், அதன் வெண்மை நீருக்கடியில் பச்சையாக ஒளிரும். படகருகே ஒரு பச்சை வெளிச்சம் நீரடியில் நகர்ந்தால் அதுதான்.

மிங்கி திமிங்கலம் சின்னது, ஏழெட்டு மீட்டர். மூச்சு கண்ணுக்குத் தெரியாது, வால் காட்டாது, இரண்டு மூன்று முறை முதுகைக் காட்டிவிட்டு எங்கேயோ போய்விடும். பொறுமையைச் சோதிக்கும் விலங்கு, ஆனாலும் எனக்கு அதன் நழுவல் பிடிக்கும்.

நீலத் திமிங்கலத்தின் மூச்சு நேர் தூணாக மிக உயரம் எழும். பின் வெளிர் சாம்பல்நீல முதுகு உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருக்கும், "துடுப்பு எங்கே?" என்று கேட்டு ஓய்ந்த பிறகுதான் மிகப் பின்னால் சிறு துடுப்பு தெரியும். திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கலம் பார்த்தவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். அங்கே வெதுவெதுப்பான நீரில் பார்த்த அதே விலங்கினம்தான் இங்கே குளிர்நீரில் மேய்கிறது.

வெள்ளையலகு ஓங்கில்கள் (டால்பின்கள்) கூட்டமாக வந்து அணியத்தின் முன் நீந்தும். ஒன்றரை மீட்டரில் சின்ன முக்கோணத் துடுப்பு இரண்டு முறை தெரிந்து மறைந்தால் அது ஓங்கிலின் சிறிய உறவினமான துறைமுகப் போர்ப்பாய்ஸ்.

லுண்டே: பஃபின் தீவு

தட்டையான மேல்தளம், செங்குத்தான ஓரம், மேலெல்லாம் புல். படகு கரையிறங்காது; ஓரமாக மெல்லச் சுற்றிவரும். புல்லில் தெரியும் துளைகள்தான் பஃபினின் வளைகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு முட்டை; சுமார் ஆறு வாரம் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும்.

முதலில் எல்லாருக்கும் வரும் வியப்பு அளவு. படங்களில் பார்த்துப் பெரிதாக எதிர்பார்ப்போம். நேரில் முப்பது சென்டிமீட்டருக்குள்தான், எடை அரைக்கிலோ. அதனால் தொலைநோக்கி இல்லாமல் தீவைப் பார்த்தால் புள்ளிகள்தான் தெரியும். தீவை விட்டுவிட்டுப் படகைச் சுற்றி நீரில் மிதப்பவற்றைப் பாருங்கள். படகு நெருங்கியதும் ஒன்று கிளம்ப முயலும்: குட்டை இறக்கையால் நீரை அடித்து, ஆரஞ்சுக் காலால் மேற்பரப்பில் ஓடி, பத்துப் பதினைந்து மீட்டர் போயும் எழும்ப முடியாமல், சட்டென்று முடிவை மாற்றித் தலைகீழாக முங்கிவிடும். வயிறு நிறைந்த பறவை அது. நீருக்கடியில் அதே இறக்கையால்தான் பறக்கிறது. 60 மீட்டர் ஆழம் வரை போகும். காற்றில் எழும்பிவிட்டால் நிமிடத்துக்கு 400 முறை இறக்கையடித்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

ஜூலையில் அலகில் வரிசையாக மீன் தொங்க வரும் பறவைகளைத் தேடுங்கள். நாக்காலும் மேலண்ணத்தில் உள்ள முட்களாலும் பிடித்த மீனை இறுக்கிக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கும். மீனோடு வந்தால் வளைக்குள் குஞ்சு இருக்கிறது என்று பொருள். அதன் பின்னால் கரும்பழுப்புப் பறவை ஒன்று துரத்தினால் அது ஸ்குவா. மீனைக் கைவிடும் வரை விடாது.

உலகின் அட்லாண்டிக் பஃபின்களில் பாதிக்கு மேல் ஐஸ்லாந்தில்தான் கூடு வைக்கின்றன. ஆனால் 2015 முதல் இந்த இனம் அழிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. ஐஸ்லாந்தின் தெற்கே மணல்விலாங்கு மீன் குறைந்து பல ஆண்டுகள் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வடக்கே நிலைமை அந்த அளவுக்கு மோசமில்லை. லுண்டேயைச் சுற்றி நீங்கள் பார்க்கும் கூட்டத்தை அந்தக் கவனத்தோடு பாருங்கள்.

படம் எடுக்க

வால் படத்துக்கு 100-400 லென்ஸ், ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல், தொடர் ஃபோகஸ். பறக்கும் பஃபினுக்கு 1/2000 அல்லது மேல். கைப்பேசி மட்டும் என்றால் காணொளி எடுங்கள்; பின்னர் அதிலிருந்து நல்ல சட்டகத்தைப் பிரித்துக்கொள்ளலாம். குளிரில் மின்கலம் சீக்கிரம் தீரும். இன்னொன்றை உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். முதல் வாலைப் படமெடுக்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள். இரண்டாவது வால் வரும்.

படகிலும் கரையிலும் நடந்துகொள்ள வேண்டிய முறை

"இன்னும் கிட்டே போகச் சொல்லுங்கள்" என்று வழிகாட்டியை நச்சரிக்காதீர்கள். திமிங்கலம் அருகே படகுகள் வேகத்தைக் குறைத்து, பின்னாலிருந்தும் நேர் முன்னாலிருந்தும் நெருங்காமல், பக்கவாட்டில் இணையாகப் போகும். அதன் வழியை அடைத்தால் மேய்ச்சல் கெடும். இரண்டு மூன்று படகு ஏற்கனவே சூழ்ந்திருந்தால் உங்கள் மாலுமி விலகிப் போவது நல்ல மாலுமிக்கு அடையாளம். பறவைக்கோ மீனுக்கோ எதையும் எறியக் கூடாது.

இன்னொன்று எனக்கு முக்கியம். ஐஸ்லாந்து 2006-இல் வணிகத் திமிங்கல வேட்டையை மீண்டும் தொடங்கியது. 2024 டிசம்பரில் ஐந்தாண்டுக்கான உரிமங்களும் வழங்கப்பட்டன. சில உணவகங்களில் திமிங்கல இறைச்சி கிடைக்கும். உள்ளூர்க்காரர்களில் மிகச் சிலரே அதை அடிக்கடி உண்கிறார்கள். ஒருமுறை சுவைத்துப் பார்ப்போமே என்று வரும் பயணிகள் அதற்குச் சந்தையாக இருக்கிறார்கள். பஃபின் இறைச்சிக்கும் இதே கதைதான். இரண்டையும் கேட்காதீர்கள். காலையில் உயிரோடு பார்க்க வந்த பணம்தான் இந்த ஊரில் அவற்றுக்கு ஆதரவாகப் பேசும் ஒரே பணம்.

திரும்பி வந்த பின்

படகு திரும்பும் வழியில் சூடான கோக்கோவும் லவங்கப்பட்டை ரொட்டியும் தருவார்கள். கரையேறியதும் ஊருக்கு வெளியே பாறை விளிம்பில் இருக்கும் கியோசி குளியலிடத்துக்குப் போங்கள். 2018-இல் திறந்தது, நிலத்தடி வெப்பத்தில் சூடான கடல்நீர்க் குளங்கள். உறைந்த கால் விரலுக்கு உயிர் வரும். அங்கிருந்து வளைகுடா முழுக்கத் தெரியும் என்பதால் தொலைநோக்கியையும் கொண்டு போகலாம்.

வால் படம் ஒன்றாவது தெளிவாக வந்திருந்தால் ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். ஹம்ப்பேக்கின் வால் அடிப்பக்கத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனி. அதை வைத்து உலகெங்கும் பயணிகள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தேதி, நேரம், வளைகுடாவின் பெயர், படகின் பெயர் ஆகியவற்றை அன்றிரவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு நினைவிருக்காது. படத்தை வெட்டாமல் அசலாகவே அனுப்புங்கள், வாலின் பின்விளிம்பு முழுதாகத் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்த திமிங்கலம் கரீபியனிலோ கேப் வெர்டேயிலோ வேறொருவர் கேமராவில் பதிவானால் மின்னஞ்சலில் தகவல் வரும்.